குறைந்த வருமானக்காரர்கள் கவனத்துக்கு: மினிமம் பேலன்ஸ், இஎம்ஐ ரிட்டர்ன், கலெக்‌ஷன் ஏஜென்ட்

கைக்கும் வாய்க்குமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், அதிலும் பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கை இன்னும் வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்லித்தான் எல்லாருக்கும் திறக்கிறார்கள். சம்பளம் வருவது நின்றுவிட்டால் சில மாதங்களில் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு அப்படித்தான் ஆனது. கம்பெனியை மூடிவிட்டார்கள், அடுத்துக் கிடைத்த வேலையில் சம்பளம் கையில்தான் தருகிறார்கள், அதனால் அந்தக் கணக்கில் நான் போடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆதாரோடு இணைந்திருந்தது அந்தக் கணக்கு என்பதால் மகளிர் உரிமைத் தொகை மட்டும் அங்கே வந்து விழுந்தது. ஆயிரம் ரூபாய் வரவு என்று எஸ்எம்எஸ் வருகிறது, ஏடிஎம்முக்குப் போனால் எடுக்க ஒன்றும் இல்லை.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மினிமம் பேலன்ஸ் சார்ஜ் என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஜிஎஸ்டி என்று ஒரு வரி, அடுத்த மாதம் மறுபடி அதே இரண்டு வரி. நடுநடுவே ஏசிஎச் ரிட்டர்ன் (இஎம்ஐ தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப் பார்த்து, பணம் இல்லாமல் திரும்பியதற்கான அபராதம்) என்று அதைவிடப் பெரிய தொகைகள், அவற்றுக்கும் தனித்தனியாக ஜிஎஸ்டி. இருப்பு காட்டும் இடத்தில் மைனஸ் குறியோடு ஒரு எண். உரிமைத் தொகை வந்த அன்றே அந்த மைனஸுக்குள் போய்விட்டது. கவுன்ட்டரில் கேட்டேன். "சிஸ்டமே எடுத்துக்குதும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கென்று எண்ணி வைத்திருந்த பணம் அது.

சிஸ்டம் எடுத்தது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட விதி ஒன்று இருக்கிறது, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் இப்படி ஏதாவது ஒரு வழியில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பணம் போட ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இருப்பு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ற விகிதத்தில்தான் அபராதம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கிய உடனேயே இப்படிப் பணத்தைப் பிடித்துக்கொண்ட புகார்கள் கிளம்பி, பிடிக்கக் கூடாது என்று அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தார். அதற்குப் பிறகும் எனக்குப் பிடித்தார்கள் என்பதுதான் ஆத்திரம்.

இதையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் தேதிவாரியாக எழுதி மேலாளரிடம் கொடுத்து, நகலில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்த சீலுக்கே நின்று சண்டை போட வேண்டியிருந்தது. ஆனால் அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பைசா செலவு இல்லை, வக்கீல் வேண்டாம், 14448 என்ற எண்ணில் எப்படிப் புகார் செய்வது என்று விவரம் சொல்வார்கள். எனக்கு மினிமம் பேலன்ஸ் பிடித்தது முழுக்கத் திரும்ப வந்தது. இஎம்ஐ ரிட்டர்னுக்குப் பிடித்தது வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அதே கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது, எல்லா வங்கியும் தர வேண்டும். அந்த வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்கக் கூடாது.

இனி அந்த ரிட்டர்ன் கதை. வேலையில் இருந்தபோது டியூ போட்டு ஒரு போன் வாங்கியிருந்தேன். வேலை போன பிறகு தவணை நின்றது. கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தும் பைனான்ஸ்காரர்கள் ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப ஏசிஎச் போடுவார்கள். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வங்கி ஒரு அபராதம், பைனான்ஸ் ஒரு அபராதம். தவணையைவிட அபராதம் பெரிதாகிவிடும். கட்ட முடியாத மாதம் என்று தெரிந்தால் தவணைத் தேதிக்கு முன்பே பைனான்ஸுக்கு மின்னஞ்சலில் நிலைமையை எழுதி அவகாசம் கேளுங்கள், போனில் சொன்னதெல்லாம் சொன்னதாகவே ஆகாது. ஏசிஎச் அனுமதியை நிறுத்த வங்கியிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். செக் திரும்பினால் 138ஆம் பிரிவில் வழக்கு என்பது எல்லாருக்கும் தெரியும், ஏசிஎச் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். கடன் கட்டாததற்காக மட்டும் யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போக முடியாது என்பதும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்.

அந்த பைனான்ஸிடமிருந்து முழுக் கணக்கு விவரம் எழுத்தில் கேட்டு வாங்கினேன். வாங்கிப் பார்த்தால் அபராதத்தின் மேலேயே வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தடுத்துவிட்டது. தவணை தவறியதற்குக் கட்டணம் போடலாம், அதைக் கடனோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது. பழைய கடன்களுக்கும் 2024 ஜூன் 30க்குள் இதற்கு மாறியிருக்க வேண்டும். அந்த அபராதத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியில் சுற்றறிக்கையும் வந்தது. அதையெல்லாம் குறிப்பிட்டு எழுதிய பிறகு கேட்ட தொகை நன்றாகவே இறங்கியது, மிச்சத்தைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடனை நான் மறுக்கவே இல்லை, கணக்கைத்தான் கேட்டேன்.

இதற்கு நடுவில் ஏஜென்ட் தொல்லை. இரவு ஒன்பது மணிக்கு போன். என் நாத்தனாருக்கு போன் போட்டு, "உங்க அண்ணி கடன் வாங்கிட்டு ஓடிட்டாங்க, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். அவமானத்தில் கூனிக் குறுகிப் போனேன். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, சொந்தபந்தத்தை இழுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அழைப்புகளைப் பதிவு செய்து வையுங்கள், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள், புகாரில் அதுதான் பேசும்.

அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். மேலே தராசுப் படம், சிவப்பு எழுத்தில் "இறுதி எச்சரிக்கை", கீழே ஏதோ ஒரு அட்வகேட் பெயர், வழக்கு எண் மட்டும் எங்கேயும் இல்லை. அதோடு கூடவே போன்: "இப்ப 2,000 மட்டும் இந்த நம்பருக்கு ஜிபே போடுங்க மேடம், கேஸை நிறுத்தி வைக்கிறேன்." தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், அது உங்கள் கடன் கணக்கில் ஏறாது. ஏஜென்ட் யார், எந்த ஏஜென்சி என்று கடன் கொடுத்தவர்களே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். உண்மையான வழக்கு என்றால் எண் இருக்கும், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடினால் வந்துவிடும். அப்படி நிஜமாகவே சம்மன் வந்தால் மட்டும் பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், போகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், பெண்கள் என்றால் வருமானச் சான்றுகூடத் தேவையில்லை, 15100 அவர்களுடைய எண்.

ரொம்பப் பழைய கடனைக் கிளறிக்கொண்டு வருகிறவர்களிடம் இன்னும் கவனம். இப்படி அடமானம் இல்லாத கடனுக்குப் பொதுவாக மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் நீங்கள் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கும். முடிந்த பிறகுகூட, தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம் ஆகிவிடும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கையெழுத்துப் போடுங்க" என்பவன் எதற்குக் கேட்கிறான் என்று இப்போது தெரிகிறதா? சட்ட உதவி வக்கீலிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் பேனாவை வைக்காதீர்கள்.

கடன் தீர்த்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு போன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இஎம்ஐயை நிறுத்துங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். எனக்கும் வந்தது, கொடுக்கவில்லை. குறைதீர்ப்பாளருக்கும் சட்ட உதவிக்கும் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் பாஸ்புக்கும் வந்த நோட்டீஸுமாக நேரிலேயே போங்கள், மனுவும் அங்கேயே எழுதித் தருவார்கள்.