கோர்ட்டில் முதல் வேலை: டி.ஏ. அலுவலகமா, பப்ளிக் டிஃபெண்டரா, பெரிய நிறுவனமா?

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் பிள்ளை, "கவுண்டி டி.ஏ. அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் முதலில் எழுவது சம்பளக் கேள்வி. டி.ஏ. என்றால் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்துபவர். சம்பளக் கேள்வி நியாயமானதுதான். நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்கள் 2023 கடைசியில் முதலாண்டு அசோசியேட்டின் (இளநிலை வழக்கறிஞரின்) அடிப்படைச் சம்பளத்தை 2,25,000 டாலராக உயர்த்தின. கவுண்டி அரசு வழக்கறிஞராகச் சேர்பவருக்குப் பல இடங்களில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். சிறிய கவுண்டிகளில் அதற்கும் கீழே. ஜே.டி. என்ற சட்டப் பட்டப்படிப்புக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்கும்போது இந்த இடைவெளியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் உண்டு, நல்ல பயிற்சி உண்டு, வேலை நேரத்துக்குக் கணக்கில்லை. முதல் சில வருடங்கள் ஆவணங்களைப் படிப்பதிலும் சீனியருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பதிலும் போய்விடும். ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமலே பல வருடம் கழித்தவர்கள் அங்கே ஏராளம். கோர்ட்டில் நின்று வாதாடும் ஆசை இல்லாதவருக்கும், கடனை நாலைந்து வருடத்தில் அடைத்தே ஆக வேண்டியவருக்கும் அது சரியான இடம். இந்த அலசல் கோர்ட்டில் நிற்க ஆசைப்படுகிறவருக்கானது.

கடன் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, அரசு வேலையிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் கூட்டாட்சிக் கல்விக் கடனில் மீதி தள்ளுபடியாகும். டி.ஏ. அலுவலகத்துக்கும் இது பொருந்தும், வசதியில்லாதவருக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டருக்கும் பொருந்தும். ஆகவே இந்த இரண்டில் எதைத் தேர்வது என்ற கேள்விக்குப் பணம் பெரும்பாலும் பதில் சொல்லாது.

ஒரே அறை, இரண்டு மேசை

மாநில நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்தும் அரசுத் தரப்பு அலுவலகங்கள் அமெரிக்காவில் 2,300க்கும் மேல். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பார்கள், இல்லினாயில் ஸ்டேட்ஸ் அட்டர்னி என்பார்கள், வாஷிங்டன் மாநிலத்தில் ப்ராசிக்யூட்டிங் அட்டர்னி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இந்த அலுவலகத்தில் ஏறக்குறைய ஆயிரம் வழக்கறிஞர்கள். கிராமப்புறக் கவுண்டிகளில் இரண்டு மூன்று பேர்தான். பெரும்பாலான மாநிலங்களில் தலைமைப் பதவிக்குத் தேர்தல் நடக்கும். நம்மவர்கள் நிறைய வசிக்கும் நியூஜெர்சி விதிவிலக்கு: அங்கே 21 கவுண்டிகளுக்கும் ஆளுநரே நியமிக்கிறார், 5 ஆண்டுப் பதவிக்காலம்.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் மன்ஹாட்டனில் 100 சென்டர் ஸ்ட்ரீட் கட்டடத்துக்கு ஒரு நாள் இரவு போய் உட்காருங்கள். பொதுமக்கள் யாரும் போகலாம். கைதானவர்களை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்தும் கோர்ட் அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி வரை நடக்கும். ஒரு மேசையில் அரசுத் தரப்பு இளைஞர் கேஸ் கட்டுகளோடு நிற்பார். கையில் போலீஸ்காரர் சொன்னதை வைத்து எழுதிய புகார் மனு, எதிரியின் (குற்றம்சாட்டப்பட்டவரின்) பழைய வழக்குப் பட்டியல். அடுத்த மேசையில் டிஃபெண்டர். அவர் தன் கட்சிக்காரரைச் சற்று முன்புதான் பக்கத்து அறையின் தடுப்புக்கு அந்தப்புறம் சில நிமிடம் பார்த்திருப்பார். 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான சிறு குற்றங்களுக்குப் பண ஜாமீன் கேட்க முடியாது என்பதால் பல வழக்குகள் விறுவிறுவென்று நகரும். ஒரு பெயர் கூப்பிட்டு அடுத்த பெயர் வருவதற்குள், இரண்டு மேசைக்காரர்களும் ஒரு மனிதரின் அடுத்த சில மாதங்களைப் பற்றிப் பேசி முடித்திருப்பார்கள். இருவருக்கும் வயது பெரும்பாலும் முப்பதுக்குள்.

தமிழ்நாட்டில் ஜூனியராக இருந்தவர்களுக்கு இந்த வேகம் மலைப்பாக இருக்கும். இங்கே சீனியரின் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாய்தா வாங்கி வருவதில் தொடங்க வேண்டும். உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு எழுதவே குற்றவியல் கோர்ட்டில் பழகிய அனுபவம் கேட்கிறார்கள். அங்கே பார் தேர்வு எழுதிவிட்டு வந்தவரிடம் சில வாரங்களிலேயே குடிபோதையில் கார் ஓட்டியது, கடையில் திருடியது, வீட்டுக்குள் அடிதடி என்று வழக்குகளை ஒப்படைத்துவிடுவார்கள். இல்லினாயில் விதி 711 என்று ஒன்று இருக்கிறது: மேற்பார்வை இருந்தால் சட்ட மாணவரே கோர்ட்டில் பேசலாம். வேறு பல மாநிலங்களிலும் இதுபோல் உண்டு. இந்த வாய்ப்பும் இரு தரப்புக்கும் பொதுதான். ஜூரி முன் பேசும் பழக்கம் இரண்டு மேசைகளிலும் சீக்கிரம் வந்துவிடும்.

எங்கே பிரிகின்றன

இரு வேலைகளின் அடித்தளத் தீர்ப்புகளும் ஒரே வருடத்தவை. 1963 மார்ச்சில் கிடியன் வழக்கு. ஃபுளோரிடாவில் பில்லியர்ட்ஸ் கூடத்தில் திருடியதாகத் தண்டிக்கப்பட்டவர், வக்கீல் வைக்க வசதியில்லாமல் சிறையிலிருந்து பென்சிலில் மனு எழுதினார். வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுவிசாரணையில் வக்கீலோடு வந்தார், விடுதலையானார். அதே ஆண்டு மே மாதம் பிரேடி வழக்கு: எதிரிக்குச் சாதகமான முக்கியச் சான்று அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மறைக்கக் கூடாது.

டிஃபெண்டரின் கடமை ஒரே ஒருவருக்கு. கட்சிக்காரர் தவறு செய்திருந்தாலும் அவர் பக்கம்தான். அரசுத் தரப்பில் இருப்பவருக்குக் கட்சிக்காரர் என்று ஒரு மனிதர் கிடையாது. பாதிக்கப்பட்டவரின் தொலைபேசியை எடுக்க வேண்டும், போலீசின் பாடி கேமரா பதிவைப் பார்க்க வேண்டும், தன் வழக்கையே உடைக்கும் காகிதம் கையில் கிடைத்தால் அதை எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்ய முடியாதவர் அந்த மேசைக்குப் போகவே கூடாது.

நியூ ஆர்லியன்ஸில் ஜான் தாம்ப்ஸனுக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரு கொள்ளை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பேண்ட்டில் குற்றவாளியின் ரத்தம் பட்டிருந்தது. ஆய்வக அறிக்கை அது பி வகை என்றது. தாம்ப்ஸனுடையது ஓ. அந்த அறிக்கை எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. அந்தத் தண்டனையும் சேர்ந்துதான் அடுத்து வந்த கொலை வழக்கில் அவருக்கு மரண தண்டனையாக முடிந்தது. 18 ஆண்டு சிறை, அதில் 14 ஆண்டு மரண தண்டனைக் கொட்டடி. 1999இல் தண்டனை நிறைவேறச் சில வாரங்களே இருக்கும்போது அவர் தரப்புத் துப்பறிவாளர் அந்த அறிக்கையைக் கண்டெடுத்தார். பிறகு தெரிந்தது, அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் நோயில் சாகும் தறுவாயில் தான் மறைத்ததை நண்பரிடம் சொல்லியிருந்தார் என்பது. விடுதலையான தாம்ப்ஸனுக்கு ஜூரி கொடுத்த 1.4 கோடி டாலர் நஷ்டஈட்டை 2011இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்துசெய்தது. அரசு வழக்கறிஞர் மேல் வழக்குப் போடுவது ஏற்கெனவே கடினம். 1976 முதல் அவருக்கு வழக்கு நடத்தும் பணியில் முழுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தண்டிக்க ஆளில்லாத இடத்தில் நேர்மை முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பொறுப்பாகிறது.

மறுபக்கமும் உண்டு. மாநிலக் கோர்ட்டுகளின் தண்டனைகளில் 94 சதவீதம் விசாரணையே இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிந்தவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. ஆக, முடிவு பெரும்பாலும் ஆஃபரில், அதாவது ஒப்புக்கொண்டால் இன்ன பிரிவு, இன்ன தண்டனை என்று முன்வைக்கும் பேரத்தில் இருக்கிறது. ஆஃபரை எழுதுபவர் அரசுத் தரப்பு. டிஃபெண்டர் பேரம் பேசலாம், மனுப் போடலாம், விசாரணைக்குத் தயார் என்று சொல்லலாம். "இந்த வழக்கே வேண்டாம்" என்று மூடும் அதிகாரம் அவருக்கில்லை. கிரீன் கார்டில் இருக்கும் ஒருவர் கடைத் திருட்டு வழக்கில் எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து நாடுகடத்தல் வரை போகலாம். அதை எச்சரிப்பது டிஃபெண்டரின் கடமை என்று 2010இல் பதில்லா (Padilla) என்பவரின் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் பிரிவை மாற்றிக் கொடுக்கக் கூடியவர் எதிர் மேசையில் இருக்கிறார். எனக்கு அரசுத் தரப்பு வேலையின் பெருமை இங்கேதான் தெரிகிறது.

அந்த அதிகாரம் இரவல் அதிகாரம் என்பதையும் மறக்கக் கூடாது. தலைவர் தேர்தலில் வந்தவர், கொள்கை அவருடையது. ஃபிலடெல்ஃபியாவில் 2018 ஜனவரியில் புது டி.ஏ. பதவியேற்ற வாரத்திலேயே 31 வழக்கறிஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பப்ளிக் டிஃபெண்டராக இருந்து டி.ஏ. ஆனவரை 2022 ஜூனில் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்த முன்னாள் உதவி வழக்கறிஞரே அடுத்த மாதம் அந்த நாற்காலிக்கு வந்தார். டிஃபெண்டர் பக்கம் இந்த ஆட்டம் குறைவு, சுமை அதிகம். ஒருவருக்கு வருடத்துக்கு 150 பெருங்குற்ற வழக்கு அல்லது 400 சிறு குற்ற வழக்கு என்று 1973இல் வைத்த உச்சவரம்பு இன்றைய வேலைக்கு ஒவ்வாத அளவு அதிகம் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்லிவிட்டது.

பின்னால் எது உயர்த்தும் என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் உயர்த்தும். உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் 1979இல் மன்ஹாட்டன் டி.ஏ. அலுவலகத்தில் தொடங்கினார். சென்னைப் பெண்ணின் மகள், முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் 1990இல் அலமீடா கவுண்டியில். 2022இல் உச்ச நீதிமன்றம் வந்த கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன், டிஃபெண்டராக இருந்து அங்கே போன முதல் நீதிபதி.

என் தேர்வைக் கேட்டால், கோர்ட் ஆசையுள்ளவருக்கு முதல் வேலை டி.ஏ. அலுவலகம்தான். ஒரு நிபந்தனையோடு. நேர்காணலில், "சோதனை போட்ட காரணத்தைப் போலீஸ்காரர் மாற்றிச் சொல்கிறார், என்ன செய்வாய்?" என்பது போல் உங்களைத் துருவுவார்கள். நீங்களும் ஒன்று கேளுங்கள்: "சான்று போதாத சிறு குற்ற வழக்கை நானே கைவிடலாமா, யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?" ஒவ்வொன்றுக்கும் சூப்பர்வைசரின் அனுமதி வேண்டும், அதுவும் எளிதில் கிடைக்காது என்றால் அந்த அலுவலகத்தில் உங்களுக்கு மிஞ்சுவது அதிகாரமில்லாத பொறுப்பு. அப்படிப்பட்ட இடத்தைவிட டிஃபெண்டர் மேசை நூறு மடங்கு மேல்.

இதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட முடியாது. நியூயார்க்கின் சில டி.ஏ. அலுவலகங்கள் 3 ஆண்டு இருப்பேன் என்ற உறுதியைக் கேட்கின்றன, பெரிய அலுவலகங்களின் ஆள்சேர்ப்பு மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே நடக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எந்த மேசையில் பயிற்சி எடுத்தீர்கள் என்பதை இரு தரப்பும் பார்க்கும். டிஃபெண்டர் அலுவலகங்கள் இன்னும் கறாராகப் பார்க்கும். ஆகவே முதல் வருடத்திலேயே இரண்டு மூன்று நாள் ஒதுக்கி, உங்கள் கவுண்டியின் சிறு குற்றக் கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, இரு தரப்பு ஜூனியர்களையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.