92,500 ரூபா போனது: 'சிங்க்' ஆகிறது என்று காட்டி விற்றார்கள்

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என்னை வட்ஸ்அப்பில் ப்ளொக் செய்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். போனது 92,500 ரூபா, கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்துச் சேர்த்த காசு. பழைய ஹார்ட்வெயார் சீக்வென்சர் (பதிந்து வைத்த தாளத்தையும் இசையையும் தானே வாசிக்கிற பெட்டி) வாங்கி லேப்டொப்போடு சேர்த்து ரெக்கோர்ட் பண்ண நினைக்கிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

காலி வீதியில் பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கிற கடை. பெயர் வேண்டாம். பெட்டியின் மாடலையும் சொல்லமாட்டேன். சொன்னால் எந்தக் கடை என்று கொழும்பில் கீபோர்ட் தொடுகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். 90களில் ஜப்பானில் செய்தது. பெட்டி 85,000, அதையும் கொம்ப்யூட்டரையும் பேச வைக்கிற யூஎஸ்பி மிடி கேபிள் 7,500.

நான் கேட்டது ஒரே கேள்விதான், லேப்டொப்பில் ரெக்கோர்ட் பண்ணுகிற கியூபேஸ் மென்பொருளோடு பெட்டி ஒரே தாளத்தில் சேர்ந்து ஓடுமா என்று. "அண்ணா, இது கியூபேஸோட சிங்க் ஆகுமா?"

"ஆகுமாவா? இருங்க தம்பி, காட்டுறேன்."

ப்ளேன்டீ வந்தது. கேபிளின் ஒரு முனையைத் தன் லேப்டொப்பிலும் மற்றதைப் பெட்டியின் பின்னாலும் செருகினார். கியூபேஸில் 120 டெம்போ (நிமிடத்துக்கு 120 பீட்), பெட்டியின் திரையிலும் 120. இடது கை ஸ்பேஸ் பாரில், வலது கை பெட்டியின் பிளே பட்டனில். இரண்டையும் ஒன்றாகத் தட்டினார். இரண்டிலும் கிக், அதாவது பெரிய ட்ரம்மின் அடி, ஒன்றாக விழுந்தது. பதினாறு பார், அதாவது அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். "பாத்தீங்களா, ஒட்டிக்கிட்டே போகுது."

இரண்டு கையாலும் அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. சிங்க் ஆகியிருந்தால் கொம்ப்யூட்டரில் பிளே தட்டியதும் பெட்டி தானாக ஓடியிருக்க வேண்டும். மிடி க்ளொக் என்பது ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. கொம்ப்யூட்டர் அதை அனுப்பும், எக்ஸ்டேர்னல் (வெளியிலிருந்து வரும் துடிப்பு) என்று மாற்றி வைத்த பெட்டி தன் சொந்த டெம்போவை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் போகும். இவர் காட்டியது இரண்டு கடிகாரத்தில் ஒரே நேரத்தை வைத்த கதை.

வீட்டுக்கு வந்து நாலு நிமிடப் பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். பல்லவியில் சரி. இரண்டாம் சரணத்தில், சேர்ந்து உலக்கை போடுகிற இரண்டு பேரில் ஒருத்திக்குக் கை ஓய்ந்த மாதிரி கிக் இரண்டாகப் பிளந்தது. திரையில் அளந்தால் கடைசியில் கிட்டத்தட்ட 100 மில்லிசெக்கன் இடைவெளி. 120 டெம்போவில் பதினாறில் ஒரு நோட்டே 125 மில்லிசெக்கன்தான். டெம்போவில் 0.05 வித்தியாசம் இருந்தாலே நாலு நிமிடத்தில் இவ்வளவு விலகிவிடும், அரை நிமிடத்தில் காதுக்குத் தெரியாது. பெட்டியை எக்ஸ்டேர்னலுக்கு மாற்றினேன். அசையவே இல்லை. நண்பனின் மிடி இன்டர்ஃபேஸ் (கொம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி), வேறு கேபிள், வேறு லேப்டொப், எதற்கும் அசையவில்லை. வெளியே அனுப்புகிற மிடி அவுட் வேலை செய்கிறது, உள்ளே வாங்குகிற மிடி இன் செத்துப்போயிருக்கிறது.

கடைக்குப் போன் எடுத்தேன். "விண்டோஸைப் புதுசாப் போடுங்க தம்பி." போட்டேன், ஒரு ராத்திரி போனது. மறுபடி எடுத்தால், "டெக்னிஷியன் போயாவுக்கு ஊருக்குப் போயிட்டார்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் நேரே போனேன். "பொஸ் இல்ல" என்றான் பையன். கண்ணாடிக்குப் பின்னால் பொஸ் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! கடைசியில் வந்த பதில்: "பழைய சாமானுக்கு வொரன்டி இல்ல. 92,500க்குப் புதுசா கிடைக்கும்?" அவ்வளவுதான், ப்ளொக்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரேடியோ திருத்துகிற நானா ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மிடி இன் வாயிலில் ஒப்டோகப்ளர் என்று ஒரு சின்ன ஐசி இருக்கும். அதன் கால்களில் மட்டும் ஈயம் புதிதாகப் பளபளத்தது, கீழே போர்டின் கோடு கருகிக் கிடந்தது. "தம்பி, இதை முன்னமே யாரோ கழட்டிப் பார்த்திருக்காங்க" என்றார். கடைக்காரருக்குத் தெரிந்தே விற்றிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். வேறு எதற்கு இரண்டு கை?

சரி, சொன்னபடி ஆலோசனை. காட்டும்போது பெட்டியில் கையே வைக்க விடாதீர்கள், கொம்ப்யூட்டரில் மட்டும் பிளே தட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே டெம்போவை 120இலிருந்து 90க்கு இறக்குங்கள், பெட்டியும் கூடவே இறங்க வேண்டும். சொந்த லேப்டொப்பையும் சொந்தக் கேபிளையும் கொண்டுபோங்கள். 'மிடி இன் வேலை செய்கிறது' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'பழையது' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுக்கப் போகிறேன். மற்றதெல்லாம் கோபம் ஆறினால் எழுதுகிறேன்.