தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தூக்கம் அளக்கும் கைப்பட்டை தேவையா?

பெருந்தேர்வுக்குப் படிக்கும் என் மகள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்பதை அறியவே இந்த ஸ்மார்ட் பேண்டை வாங்கினோம். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று இரவைப் பிரித்துக் காட்டும் வண்ணப்படத்தையும், விடிந்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்று வழங்கும் தூக்க மதிப்பெண்ணையும் நம்பி இதை வாங்க வேண்டாம். மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு கணிக்கும் கருவி, மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. அசையாமல் படுத்துப் பாடத்தை எண்ணிக் கவலைப்படும் நேரத்தையும் அது தூக்கமாகவே கணக்கில் சேர்த்துவிடுகிறது.

பயனுள்ளது வாரப் பக்கம்தான். படுத்த நேரமும் எழுந்த நேரமும் நாள்வாரியாக அடுக்கிக் காட்டப்படுவதால், பள்ளி நாட்களில் குறைந்த தூக்கத்தை விடுமுறை நாளில் நண்பகல் வரை தூங்கி ஈடுகட்டும் ஒழுங்கின்மை உடனே தெரிகிறது. இது சிறு செய்தியன்று. 2019இல் வெளியான, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வில், வேதியியல் பயின்ற கல்லூரி மாணவர்கள் 88 பேரின் தூக்கத்தை இத்தகைய பட்டைகளைக் கொண்டே ஒரு பருவம் முழுவதும் பதிவுசெய்தார்கள். பாட மதிப்பெண்ணோடு தொடர்புடையதாகத் தெரிந்தது தேர்வுக்கு முந்தைய ஓர் இரவின் தூக்கமன்று, பாடம் படித்த வாரங்களில் போதிய அளவும் ஒழுங்கும் கொண்டிருந்த தூக்கமே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. ஆனாலும் கடைசி இரவைப் பற்றி மட்டும் கவலைப்படும் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இதில் முன்கூட்டியே அமைந்திருந்த இலக்கு ஏழு மணி நேரம். 13 முதல் 18 வயதினருக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதோ 8 முதல் 10 மணி நேரம். பருவ வயதில், தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு பிந்துவதால், முன்னிரவில் தூக்கம் வராதிருப்பது பிடிவாதமன்று. அதை அறியாமல் பத்து மணிக்கே படுக்கச் சொல்லி அதிரும் நினைவூட்டல் எரிச்சலையே தந்தது. விவரங்களைக் கைப்பேசியில்தான் பார்க்க முடியும் என்பது இன்னும் பெரிய குறை, ஏனெனில் படுக்கையிலிருந்து விலக்க நினைத்த பொருளே அந்தச் சாக்கில் தலையணைக்கு வந்துவிடுகிறது. செயலியை என் கைப்பேசிக்கு மாற்றி, வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்ப்பதென்று முடிவுசெய்த பிறகே இது பயன்பட்டது. மின்கலத்தில் குறையில்லை.

ஏற்கெனவே ஒழுங்காகத் தூங்கும் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை. பிள்ளை விரும்பாமல் கட்டிவிட்டால் கண்காணிப்பாகிவிடும். வாங்குவோர் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கி, தேர்வு நாட்களில் கழற்றி வைத்துவிடுவது நல்லது; குறைந்த தூக்க மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்கியபடி தேர்வறைக்குச் செல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.