‘இயற்கை ஹார்மோன்’ என்று பூசிக்கொண்ட எட்டு மாதங்கள்

எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டாகியும் இரவில் நான்கைந்து முறை உடம்பு கொதித்து, வியர்வையில் புடவை நனைந்து எழுந்து உட்காரும் நிலை நீடித்ததால், கோவையில் பெண்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு தனியார் நல மையத்துக்குச் சென்ற ஆண்டு போனேன். அங்கே எனக்கு நேர்ந்ததை, அதே வாசலில் நிற்கக்கூடிய பிற பெண்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாளே எச்சிலை எடுத்து ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும் என்றார்கள். பரிசோதனை, ஆலோசனை, ஆறு மாத மருந்து எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அறிகுறிகளை வைத்தே மாதவிடாய் நிறுத்தத்தை முடிவுசெய்யலாம் என்பதும், எச்சிலில் ஏறி இறங்கும் அளவை வைத்து மருந்தின் அளவை நிர்ணயிப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. கையில் பூசிக்கொள்ள ‘இயற்கை ஹார்மோன்’ என்று ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். குழாயின் மேல் என் பெயரும் ‘காலை, மாலை’ என்பதும் மட்டுமே எழுதியிருந்தன.

ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வருமாமே என்று நானே கேட்டேன். “அது 2002-இல் வந்த பழைய ஆய்வு மேடம், குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஹார்மோனைக் கொடுத்துச் செய்தது, நம்முடையது இயற்கை ஹார்மோன், அந்தப் பேச்சுக்கே இடமில்லை” என்று ஆலோசகர் சிரித்தார். இதில் முதல் பாதி உண்மை என்பதால்தான் நான் ஏமாந்தேன். அமெரிக்காவின் அந்தப் பெரிய ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்றார்கள். குதிரையிடமிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கை புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை அதில் பாதிப் பேருக்குத் தரப்பட்டது. மற்றவர்களிடம் ஓராண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 30 ஆக இருந்த மார்பகப் புற்றுநோய், மாத்திரை எடுத்தவர்களிடம் 38 ஆனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கணக்கு, ஐம்பது வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் இரு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகலாம் என்றும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் அது இருநூறு பேருக்கு ஒருவர் என்றும் சொல்கிறது. இவை மேல்நாட்டுப் பெண்களை வைத்துப் போட்ட கணக்குகள்; இருந்தாலும் ‘பேச்சுக்கே இடமில்லை’ என்பதற்கு இவற்றில் எங்கும் இடமில்லை.

எட்டாவது மாதம் எனக்கு இரத்தப்போக்கு தொடங்கியது. மையத்தில் கேட்டபோது, உடம்பு இளமைக்குத் திரும்புகிறது என்றார்கள். (இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.) அரசு மருத்துவமனையில் பார்த்த மகப்பேறு மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டவை இரண்டே கேள்விகள்: கருப்பை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா? இருக்கிறது என்றேன், என் சித்தி 43 வயதில் அந்த நோயில்தான் போனார் என்றும் சொன்னேன். 46,000 ரூபாய் வாங்கியவர்கள் இந்த இரண்டில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துவரவும் சொல்லவில்லை.

களிம்பில் என்ன இருக்கிறது என்று மருத்துவரே எழுதிக் கேட்ட பிறகு ஒரு துண்டுச்சீட்டு வந்தது: ஈஸ்ட்ரடையால், ஈஸ்ட்ரியால். இரண்டுமே ஈஸ்ட்ரோஜன் வகைகள். புரோஜெஸ்டிரோன் இல்லை. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய்வரை செல்லக்கூடும். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பதுதான் மார்பகத்துக்கான ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. இந்த இழுபறியை ஒவ்வொரு பெண்ணின் உடம்பையும் குடும்ப வரலாற்றையும் வைத்து எடைபோடுவதுதான் மருத்துவரின் வேலை என்று அவர் விளக்கினார். முறையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஹார்மோன் சிகிச்சை பலருக்குப் பெரிய நிம்மதி என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே எழுதிக் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

ஸ்கேனில் என் கருப்பை உட்படலம் 14 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. திசுவை எடுத்துப் பார்த்த பயாப்சியில் புற்றுநோய் இல்லை, ஆனால் திசு மிகையாக வளர்ந்திருந்தது. அதற்கான சிகிச்சை இன்னும் நடக்கிறது. மேமோகிராம் நல்லபடியாக வந்தது. இரவு வியர்வைக்கு இப்போது ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முழுதாக நிற்கவில்லை, தூங்க முடிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தில் ‘பக்கவிளைவுகளுக்கு மையம் பொறுப்பல்ல’ என்ற வரி இருப்பதைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது, துண்டுச்சீட்டு, பெயரையும் ‘காலை, மாலை’ என்பதையும் தவிர வேறெதுவும் எழுதாத அந்த மூன்று குழாய்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.