கீழவாசல் படுதாக் கடை: எடை போட்டு வாங்குங்கள்

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தப் படுதாக் கடை, அதாவது தார்ப்பாய்க் கடை. வாசலில் கயிற்றுச் சுருள்கள் தொங்கும். உள்ளே போனால் புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறும். 2019-லிருந்து மூன்று முறை வாங்கியிருக்கிறேன், நடுவில் ஒரு முறை சண்டையும் போட்டிருக்கிறேன். மழைக்காலம் வருகிறது, யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

நான் தையல்காரி. செல்லூரில் வீட்டு முன்னறையிலேயே இரண்டு மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். பிறந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அம்மாவும் தம்பியும் இன்னமும் அங்கே ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். மதுரைக்காரிக்கு எதற்கு இவ்வளவு படுதா என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி அந்த வீட்டுக்குத்தான்.

கஜா புயல் 2018 நவம்பர் 15 இரவு வந்தது. சாயங்காலமே தம்பி அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. முதலில் வாடைக்காற்று பேயாக அடித்ததாம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று நாலைந்து பேர் மாட்டைப் பார்த்துவிட்டு வரக் கிளம்ப, ஒரு பெரியவர் வாசலில் குறுக்கே நின்று யாரையும் விடவில்லையாம். புயலின் கண் தலைக்கு மேலே போகும்போது அப்படித்தான் அடங்கின மாதிரி இருக்கும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்பும். அன்றைக்கும் தெற்கிலிருந்து திரும்பியது. விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டில் இரண்டு பக்க ஓடும் இல்லை. தென்னை ஒன்று கூட நிற்கவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

தம்பி போன் போட்டு, “அக்கா, படுதா மட்டும் எப்படியாவது அனுப்பு” என்றான். நான் இங்கே பதறியடித்து வேறொரு கடையில் கேட்ட விலை கொடுத்து நீலக் கலரில் மூன்று வாங்கி லாரியில் போட்டு விட்டேன். அட்டையில் கனம் 200 ஜிஎஸ்எம் என்று அச்சடித்திருந்தது. மாசி மாதம் போய்ப் பார்த்தபோது, வெயில் பட்ட இடமெல்லாம் கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒற்றை மடிப்பு, உள்ளே கயிறு கிடையாது. வாங்கும்போதே அதைப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான்.

அதற்கப்புறம்தான் ஒரு லாரிக்காரர் சொல்லி இந்தக் கடைக்கு வந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோருக்கும் அண்ணாச்சி. படுதா வேண்டும் என்றேன். அளவு கேட்கவில்லை, விலை சொல்லவில்லை. “எந்த ஊருக்குத் தாயி?” என்றார். வேதாரண்யம் என்றதும் எடுத்து வைத்திருந்த படுதாவை உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்.

எடை போடுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்கிற கணக்கு, அவ்வளவுதான். பதினெட்டுக்கு இருபத்து நாலு அடிப் படுதா ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்பது உண்மையானால் அது எட்டுக் கிலோ இருந்தாக வேண்டும். ஐந்தரைக் கிலோதான் நிற்கிறது என்றால் அது 137 ஜிஎஸ்எம். அட்டையில் என்ன அச்சடித்தாலும் தராசு ஏமாறாது. அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்திலேயே தராசு வைத்திருக்கிறார், நாம் கேட்காமலே தூக்கி வைக்கிறார். என் தம்பிக்கு அனுப்பிய மூன்றையும் அன்றைக்கு இப்படி நிறுத்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. அளவு. தயாரிப்பில் வெட்டுகிற அளவைத்தான் பதினெட்டுக்கு இருபத்து நாலு என்பார்கள். ஓரம் மடித்துத் தைத்த பிறகு அரை அடி குறையும். கூரைக்குச் சரியாக அளந்து வாங்கினால் ஓரத்தில் பத்தாமல் போகும். இதையும் அவரே சொன்னார். எனக்குச் சிரிப்பு. பிளவுஸுக்கு மடிப்புத் துணி விடாமல் வெட்டுவேனா நான்?

கடைக்குப் பின்னால் தைக்கிற இடம். அங்கே ஒரு தாத்தா கனத்த மிஷினில் லாரிப் படுதா தைத்துக்கொண்டிருப்பார். அவர் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்புக்குள் கயிற்றை ஓட்டி, இரண்டு வரிசைத் தையல் போடுகிறார். நாலு மூலைக்கும் முக்கோணமாக ஒட்டுத் துணி வைத்து அதன் மேல்தான் ஐலெட், அதாவது கயிறு கோக்கிற உலோக வளையம், அடிக்கிறார். மூன்றடிக்கு ஒன்று அடிப்பது வழக்கம், கடற்கரைக்கு என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று. மூலையில் பிய்ந்த படுதாவைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நடுவில் கிழிந்தது குறைவு. அந்த ஒட்டுத் துணிக்கே தனியாக மார்க் போடலாம்.

பருத்திக் கேன்வாஸ் படுதாவும் கிடைக்கிறது. லாரிக்காரர்கள் இன்னும் வாங்குகிறார்கள். நான் அதைக் கேட்டதற்கு, நனைந்தால் ஓட்டு வீட்டு ரீப்பர் (ஓட்டுக்கு அடியில் ஓடும் மரச் சட்டம்) அந்தப் பாரத்தைத் தாங்காது, காயாமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்று மறுத்துவிட்டார். பிளாஸ்டிக் நெசவுப் படுதாவில் ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதோடு வெயிலுக்கு நேரே பிடித்து ஊசி ஓட்டை தெரிகிறதா என்றும் பார்க்கச் சொன்னார். சந்துக்குள் வெயில் எங்கே வருகிறது? தெருமுனை வரை நானும் கடைப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

கயிற்றுக்கு வருகிறேன். படுதாவைவிட அவர் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். ஐலெட்டில் கயிற்றை நேராக முடிந்தால் காற்று இழுக்கிற இழுப்பில் ஐலெட் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். அதனால் பங்க்சர் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வாங்கி வந்து விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்திருக்கிறார். ஐலெட்டில் டியூப், டியூபில் கயிறு. இழுத்தால் ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், விட்டால் திரும்பும். முப்பது துண்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. அப்புறம் சுவர் விளிம்பில் படுதாவைத் தொங்க விடாமல் ஓரத்தை ஒரு ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டையோடு சேர்த்து ஆணி அடிக்கச் சொன்னார். அடியில் காற்று புகுந்தால் எத்தனை கயிறு கட்டியும் புண்ணியமில்லை. வடக்குப் பக்கம் மட்டும் இழுத்துக் கட்டிவிட்டுத் தெற்கை விட்டுவிடாதே என்றும் சொன்னார். வேதாரண்யத்தில் அன்று இரவு நடந்ததை நான் அவரிடம் அதுவரை சொல்லவே இல்லை.

“இதைக் கட்டினா புயலுக்குத் தாங்குமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“தாங்காது. புயலுக்கு நான் படுதா விக்கல தாயி. புயலுக்கு மறுநாளைக்குத்தான் விக்கிறேன். காத்து அடிக்கறப்ப அம்மாவைக் கூட்டிட்டு பள்ளிக்கூடத்துக்கோ பாதுகாப்பு மையத்துக்கோ போயிருங்க. இது சுருட்டினபடி வீட்டுக்குள்ளயே கிடக்கட்டும். அடங்குன பிறகு ஏறிக் கட்டுங்க. ஈபி கம்பத்துல மட்டும் கயித்தைக் கட்டிப்புடாதீங்க.”

விற்கிற பொருளைத் தாங்காது என்று சொல்கிற வியாபாரியை மதுரையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பத்தில் கட்டாதே என்றதும் சும்மா சொன்னதில்லை. புயலுக்குப் பிறகு அறுந்து கிடக்கிற கம்பியில் எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சண்டை. முதல் தடவை வாங்கிய படுதாவில் ஐலெட் பித்தளை மாதிரி மினுமினுவென்று இருந்தது. ஒன்றரை வருடத்தில் தம்பி போட்டோ அனுப்பினான். வெள்ளைச் சுவரில் வரிசையாகப் பழுப்புக் கோடு வடிந்திருந்தது. உள்ளே இரும்பு, மேலே முலாம். உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. ஒரு ஐலெட்டைத் தொட்டதும் தூளாக உதிர்ந்ததாம். ஊர் கேட்டு, எடை போட்டு, டியூப் நறுக்கிக் கொடுத்த மனிதர் இதை எப்படி விட்டார்? நேரில் போய்க் கேட்டேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, “எல்லாரும் இதைத்தானே போடுறாங்க” என்றார். போட்டோவைக் காட்டியதும் சத்தம் குறைந்தது. படுதாவைத் திருப்பி அனுப்பினால் அலுமினிய ஐலெட் மாற்றித் தருகிறேன் என்றார், மாற்றியும் தந்தார். போகவர லாரி வாடகை என் தலையில். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. கடலோர ஊருக்கு வாங்குகிறவர்கள் அலுமினியம்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காந்தம் கொண்டு போனால் இன்னும் நல்லது. ஒட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக வாங்கியது எனக்கே. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி, சின்னது. முன்னறை ஒழுகுகிறது என்று வாங்கினேன். 2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் கொட்டிய மழை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பந்தல்குடி வாய்க்கால் பொங்கி செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தீபாவளிக்கு ஆறே நாள். வெட்டி வைத்த பிளவுஸ் எல்லாம் தரையோரம் பெட்டியில். தண்ணீர் வாசற்படி வழியாக வருகிறது, கூரைக்கு வாங்கிய படுதா அதற்கு என்ன செய்யும்? மிஷின் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, படுதாவைத் தரையில் விரித்து, துணியை எல்லாம் நடுவில் கொட்டி மூட்டையாகக் கட்டி, ஐலெட்டில் கயிறு கோத்து ஃபேன் கொக்கியில் தொங்க விட்டேன். முழங்கால் தண்ணீர் நின்றும் ஒரு துணி நனையவில்லை. கடைக்காரர் சொல்லாத உபயோகம் இது.

மூன்றாவது இந்தப் புரட்டாசியில். பழையதைப் போலவே பதினெட்டுக்கு இருபத்து நாலு, தராசில் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. கயிறோடு மூவாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. வெளியே மலிவாகக் கிடைக்கும், அது என்ன எடை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகள் இன்னும் உண்டு. ஐலெட் கூட்டி அடிக்கக் கொடுத்தால் “நாளைக்கு” என்பார். அந்த நாளை மூன்று முறை வரும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் பையன் மட்டும்தான், அவனுக்கு விலை தெரியாது. பில் கேட்டால் பழைய கவரின் பின்னால் பென்சிலில் எழுதித் தருகிறார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை. டிவியில் ஆரஞ்சு அலர்ட் சொன்ன பிறகு போகாதீர்கள். ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல் என்பது இப்போது எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் அன்றைக்கே எல்லோரும் வந்து நிற்கிறார்கள். விலையை அவர் ஏற்றுவதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தாத்தா ஒரு ஆள், மிஷின் ஒன்று.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது துருப்பிடித்த ஐலெட்டுக்கு.

பழைய படுதா என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெயிலிலும் மழையிலும் தாங்கியது, வீட்டில்தான் போயிற்று. ஓடு மாற்றிய பிறகு மடித்துப் பரணில் வைத்திருந்ததை அம்மா எடுத்து, முற்றத்தில் விரித்து மீன் காய வைத்திருக்கிறாள். அப்படியே மடித்துத் திரும்ப மேலே போட்டதில் எலி மடிப்போடு சேர்த்துக் கடித்து, விரித்தால் வரிசையாகப் பதினாறு ஓட்டை. புதுசின் மூலையில் மார்க்கரால் பெரிதாக “மீன் காய வைக்கக் கூடாது” என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். கண்ணாடிதான் போட மாட்டாள்.