'பை', 'அன்டில்': எது எங்கே?

காலக்கெடுவைச் சொல்ல ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் பல இருந்தாலும், அன்றாடப் பேச்சில் அதிகம் இடம் மாறிப்போவன 'பை', 'அன்டில்' ஆகிய இரண்டும்தான். இரண்டுக்கும் பின்னால் ஒரே நேரம் வரக்கூடும் என்பதால் அந்த நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலாது. முன்னால் நிற்கும் வினைச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

முடித்தல், அனுப்புதல், வந்து சேர்தல் போன்று ஒரு கட்டத்தில் நிறைவடைந்துவிடும் வினைகளுக்கு உரியது 'பை'. 'ஃபினிஷ் இட் பை ஃபைவ்' என்றால் மூன்று மணிக்கே முடித்துவிட்டாலும் சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறது. காத்திருத்தல், தங்குதல் போன்று நீடிக்கும் வினைகளுக்கு உரியது 'அன்டில்'. 'வெயிட் அன்டில் ஃபைவ்' என்று சொல்லப்பட்டவர் மூன்று மணிக்கு எழுந்து போய்விட முடியாது. ஆகவே 'ஃபினிஷ் இட் அன்டில் ஃபைவ்' என்பது பிழையே. ('டில்' என்பதைப் பலர் 'அன்டில்' என்பதன் சுருக்கமாகக் கருதுகிறார்கள், உண்மையில் 'டில்' தான் பழைய சொல், பொருளும் அதேதான்.)

இரண்டுமே இலக்கணப்படி சரியாக அமையும் இடங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. 'ஐ வில் பி ஹியர் பை ஃபைவ்' என்பவர் ஐந்து மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவார். 'ஐ வில் பி ஹியர் அன்டில் ஃபைவ்' என்பவர் ஐந்து மணிவரை இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆறு மணிக்கு அவரைத் தேடி வருபவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று. எதிர்மறையிலும் இதே நுட்பம் உண்டு: 'ஐ வோன்ட் லீவ் அன்டில் ஃபைவ்' என்பதில், கிளம்புதல் கணநேரச் செயலாயினும் கிளம்பாமல் இருத்தல் நீடிக்கும் நிலை என்பதால் 'அன்டில்' பொருந்துகிறது. 'ஐ வோன்ட் ஃபினிஷ் பை ஃபைவ்' என்பதோ ஐந்து மணிக்கும் வேலை முடிந்திருக்காது என்று மட்டுமே சொல்கிறது; எப்போது முடியும் என்று சொல்வதில்லை.

'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனுடன் கெடு முடிகிறது. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் கணக்கில் சேரும். 'அன்டில் ஃப்ரைடே' விடுப்பு என்பவர் வெள்ளியன்று வருவாரா என்பது ஐயத்திற்கு இடமானது. அமெரிக்க வழக்கில் உள்ள 'த்ரூ ஃப்ரைடே' அந்த ஐயத்தைத் தீர்த்து, வெள்ளியையும் விடுப்பில் சேர்த்துவிடுகிறது. அந்த வழக்கு பழகாதவரிடம் வேலைக்குத் திரும்பும் நாளையே சொல்லிவிடுவது நல்லது.

நேரப்புள்ளிக்குப் பதிலாகக் கால அளவைக் குறிப்பிடும்போது 'வித்தின்', 'இன்' ஆகியவை வருகின்றன. 'வித்தின் டென் மினிட்ஸ்' அழைப்பதாகச் சொன்னால் இரண்டாவது நிமிடத்திலும் அழைப்பு வரலாம். 'இன் டென் மினிட்ஸ்' என்றால் ஏறத்தாழப் பத்து நிமிடம் கழிந்த பிறகே எதிர்பார்க்க வேண்டும்.