கையால் தேய்த்த மாட்சா: பஸ்கா இரவுக்கு வாங்கிய ஒரு பெட்டி

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தம் முன்னோர் விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. யூத நண்பர் ஒருவர் அதன் முதல் இரவின் ‘செடர்’ என்னும் சடங்கு விருந்துக்கு அழைத்திருந்ததால், வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, நியூயார்க்கின் புரூக்லினில் உள்ள ஓர் அடுமனையில் ஒரு பவுண்டு ‘ஷ்முரா மாட்சா’ வாங்கினேன். மாட்சா என்பது தமிழ் விவிலியத்தில் வரும் புளிப்பில்லாத அப்பம்தான். விலை 30 டாலரை ஒட்டி ஆயிற்று. கடைகளில் கிடைக்கும் சதுரமான இயந்திர மாட்சாவைவிட இது பல மடங்கு அதிகம்.

அந்தப் பணம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோதுமையை அறுவடையிலிருந்தே ஈரம் படாமல் காப்பதால், ‘காக்கப்பட்டது’ என்ற பொருளில் இதற்கு ஷ்முரா என்று பெயர். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் பிசைந்து, தேய்த்து, துளையிட்டு, சுட்டெடுத்துவிட வேண்டும். தவறினால் அது ‘ஹமேட்ஸ்’, அதாவது புளித்தது என்று கருதப்படும், பண்டிகை முடியும்வரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. இயந்திரத்துக்கும் இதே கெடுதான். ஆனாலும் 1859இல் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியா பகுதியிலிருந்த ரபிகளிடையே, அதாவது யூத மதகுருக்களிடையே, இயந்திர மாட்சா செல்லுமா என்று பெரும் சர்ச்சையே நடந்தது; செடர் இரவுக்குக் கையால் செய்ததுதான் வேண்டும் என்பவர்கள் இன்றும் பலர்.

சுவையைப் பொறுத்தவரை, சுட்ட அப்பளத்தை நினைத்துக்கொண்டு கடித்தால் ஏமாற்றம்தான். உப்பில்லை, எண்ணெயில்லை, தடித்த இடம் பல்லுக்குச் சவால், கரிந்த இடத்தில் லேசான கசப்பு. ஆனால் துருவிய காட்டமான குதிரைமுள்ளங்கியையும், ஆப்பிள், வால்நட், இலவங்கப்பட்டை, இனிப்பு ஒயின் சேர்த்துப் பிசைந்த ‘ஹரோசெட்’டையும் நடுவில் வைத்து உண்ணும்போது, அடிமைத்தனத்தின் கசப்பும் செங்கல் பூசிய சாந்தின் நினைவும் ஒரே கவளத்தில் சேர, அந்தக் கோதுமையின் புகைமணம் தனித்து நின்றது. இயந்திர மாட்சாவில் இது கிடைப்பதில்லை.

என் குறை வேறு. செடர் மேசையில் துணிக்கடியில் மூன்று முழு மாட்சாக்களை அடுக்கி, நடுவில் உள்ளதைச் சடங்கின்போது உடைத்து, பெரிய துண்டை ‘அஃபிகோமன்’ என்று குழந்தைகள் தேடி எடுப்பதற்காக ஒளித்துவைப்பார்கள். பெட்டியில் இருந்த எட்டில் நான்குதான் முழுசு. அந்த நான்கிலும் ஒன்றில் ஓரம் மடிந்து ஒட்டியிருந்தது. மடிப்புக்குள் மாவு சரியாக வெந்திருக்காது என்பதால் நண்பரின் தாயார் அந்த இடத்தைக் கிள்ளி அப்புறப்படுத்தினார். எஞ்சிய மூன்றும் மேசைக்குச் சரியாக அமைந்தது என் அதிர்ஷ்டம். இந்த விலைக்கு அடுமனையாவது அட்டைக்கிடையே நல்ல தாள் வைத்திருக்கலாம்.

அடுத்த ஆண்டும் முதல் இரவுக்கு இதையே வாங்குவேன். பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன். மற்ற நாள்களுக்கு இயந்திர மாட்சா போதும். உடைந்தவையும் வீணாகவில்லை: மறுநாள் காலை அவற்றை நனைத்துப் பிழிந்து, முட்டையோடு வெண்ணெயில் புரட்டிய ‘மாட்சா பிராய்’ தட்டுக்கு வந்தது. பண்டிகையின்போது மாட்சாவை நனைக்கவே கூடாது என்னும், ஹசீதியர் எனப்படும் ஆசாரமான யூதப் பிரிவினரின் வீடுகளில் அந்தத் தட்டை எதிர்பார்க்க முடியாது.